ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தை? – டே கேர் கேள்வி பதில்

போன தடவை அமெரிக்கா டே கேர் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே மெயில் வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் பதில் போட முடியல, ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து அஞ்சு கேள்வியா ஆக்கியிருக்கேன். நான் வக்கீல் இல்ல, கவர்மென்ட் ஆளும் இல்ல. 11 வருஷம் இன்ஃபன்ட் ரூம் (கைக்குழந்தைங்க), டாட்லர் ரூம் (நடை பழகற குட்டிங்க)னு டீச்சரா இருந்துட்டு, அப்புறம் 3 வருஷம் அசிஸ்டன்ட் டைரக்டரா உக்காந்து லைசன்ஸ் ஃபைலைத் தூக்கி சுமந்தவ, அவ்வளவுதான். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அக்கா, நாங்க போன மாசம்தான் நியூ ஜெர்சில இருந்து டல்லாஸ் பக்கம் மாறி வந்தோம். பையனுக்கு 20 மாசம். அங்க அவன் ரூம்ல ஒரு டீச்சருக்கு 6 குழந்தைங்க, இங்க பாத்தா 9. டைரக்டர்கிட்ட கேட்டா "ஸ்டேட் ரூல்படி கரெக்ட்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நம்மள ஏமாத்தறாங்களா? ஒரே நாட்டுல எப்படி ரெண்டு கணக்கு இருக்கும்?
– ஒரு அம்மா, டெக்சஸ்

பதில்: ஏமாத்தலம்மா, அவங்க சொல்றது நிஜம். நியூ ஜெர்சில 18 மாசத்துல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் ஒருத்தருக்கு 6. டெக்சஸ்ல 18 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்கும் 9. இன்னும் நாலு மாசத்துல உங்க பையனுக்கு ரெண்டு வயசு ஆகும், அப்ப 11 ஆயிடும், மூணு வயசுல 15, இப்பவே சொல்லிடறேன் அப்புறம் அதிர்ச்சி ஆகாதீங்க. கைக்குழந்தைக்கும் இதே கதைதான், மாசசூசெட்ஸ்ல ஒரு டீச்சருக்கு 3, ரெண்டு பேர் இருந்தா 7, கலிஃபோர்னியாலயும் டெக்சஸ்லயும் 4, நார்த் கரோலினால 5, ஜார்ஜியால 6. ஆறு கைக்குழந்தையையும் ஒரே ஆள் தூக்கிக்கிட்டு தீ விபத்து ட்ரில்ல வெளிய ஓடி வரணும்னு நினைச்சுப் பாருங்க. சக்கரம் வெச்ச க்ரிப்ல (கம்பி போட்ட குழந்தைக் கட்டில்) நாலஞ்சு பேரை ஒண்ணா போட்டு தள்ளிக்கிட்டு வருவோம், ஒவ்வொரு ட்ரில்லுக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும்.

ஏன் இப்படின்னா, அமெரிக்கால டே கேர் லைசன்ஸ் முழுக்க ஸ்டேட் வேலை, நாடு முழுக்க ஒரே நம்பர்னு எதுவுமே கிடையாது. வர வேண்டியது, வராம போச்சு. 1968ல ஃபெடரல், அதாவது மத்திய அரசு, பணம் வாங்கற டே கேருக்கு மட்டும்னு பொதுவா ஒரு விதி எழுதினாங்க. 1971ல நாடு முழுக்க குழந்தைகளுக்கு டே கேர் கொண்டு வர்ற சட்டம் ரெண்டு சபைலயும் பாஸாகி ஜனாதிபதி நிக்சன் மேஜைக்கு போச்சு, அவர் கையெழுத்து போடாம வீட்டோ பண்ணி தடுத்துட்டார், குடும்பத்தோட வேலையை அரசாங்கம் கையில எடுக்கறதான்னு காரணம் சொன்னார். அந்த 1968 விதியும் இழுத்தடிச்சு, திருத்தி, 1981ல ரீகன் காலத்துல ஒரேயடியா போயிடுச்சு. இப்ப ஃபெடரல் சட்டம் சொல்றது இவ்வளவுதான்: ஸ்டேட்டே, உனக்குன்னு ஒரு ரேஷியோ (ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைங்கற கணக்கு) விதி வச்சுக்கோ, நம்பர் உன் இஷ்டம்.

டாக்டருங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டீங்கன்னா, அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் பொது சுகாதார சங்கமும் சேர்ந்து போட்ட வழிகாட்டுதல்ல ஒரு வயசு வரைக்கும் ஒருத்தருக்கு 3, மூணு வயசு ஆகற வரைக்கும் 4. அந்த அளவுக்கு எல்லா வயசுலயும் நிக்கற ஸ்டேட்டைத் தேடித்தான் பிடிக்கணும்.

ஆனா நீங்க ரேஷியோவை மட்டும் பாக்கறீங்க, ரூம்ல மொத்தம் எத்தனை பேருங்கறதையும் கேளுங்க. 9க்கு ஒண்ணுன்னா டெக்சஸ்ல அந்த வயசுக்கு ஒரே ரூம்ல 18 வரைக்கும் போகலாம், ரெண்டு டீச்சரோட. கணக்கு அதேதான், ஆனா ரெண்டு வயசு கூட ஆகாத 18 குட்டிங்க ஒரே ரூம்ல இருந்தா அந்த சத்தத்துல ஒரு குழந்தை சொல்ற "அம்மா பால்" டீச்சர் காதுல விழவே விழாது. 1970களோட கடைசில அமெரிக்க அரசாங்கமே செலவு பண்ணி செஞ்ச பெரிய ஆய்வுலயும் மூணு வயசு தாண்டின பிள்ளைங்க விஷயத்துல க்ரூப் சைஸ்தான் முக்கியம்னு வந்துச்சு.

அப்புறம் ஒரு உள்ளாளு விஷயம் சொல்றேன். டூர் காட்டறது எப்பவுமே காலை பத்து மணிக்குதான், அப்ப எல்லா டீச்சரும் இருப்பாங்க. நீங்க காலை ஏழரைக்கும் சாயங்காலம் அஞ்சரைக்கும் போய் தலையை எண்ணுங்க. அப்பதான் ஷிஃப்ட் மாறும், ரெண்டு மூணு ரூம் பிள்ளைங்களை ஒண்ணா சேர்ப்பாங்க. ஆபீஸ்ல போன் பேசிக்கிட்டு இருக்கற ஆளையும் சேர்த்து கணக்கு காட்டின இடத்துல நானே வேலை பார்த்திருக்கேன். பல ஸ்டேட்ல தூக்க நேரத்துக்கு ரேஷியோவைத் தளர்த்தவும் செய்வாங்க, அதனால மதியம் ஒரு மணிக்கு ஒரே ஒரு டீச்சர் இருக்காங்கன்னு பாத்து சண்டைக்கு போயிடாதீங்க, முதல்ல ரூல் என்னன்னு பாருங்க.

இன்னொண்ணு, ஸ்டேட் நம்பர்ங்கறது அதிகபட்சம்தானே, அதை விட கம்மியா வச்சிருக்கற சென்டரும் டல்லாஸ்ல உண்டு. "ஸ்டேட் ரேஷியோ என்ன, உங்க ரேஷியோ என்ன"ன்னு ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா அது எந்த மாதிரி இடம்னு புரிஞ்சிடும்.

கேள்வி: எங்க பொண்ணு போற சென்டர் பேரை ஸ்டேட் வெப்சைட்ல போட்டுப் பாத்தேன், ரெண்டு வருஷத்துல 7 வயலேஷன்! மூணு நாளா தூக்கம் இல்ல. மனைவி உடனே நிறுத்திடலாம்ங்கறா. நிறுத்திடலாமா?
– ஒரு அப்பா, டெக்சஸ்

பதில்: பொறுங்க தம்பி. முதல்ல அந்த 7 வயலேஷன், அதாவது விதிமீறல், என்னன்னு ஒவ்வொண்ணா திறந்து படிச்சீங்களா? நிறைய பேர் நம்பரை மட்டும் பாத்துட்டு மெயில் போடறாங்க.

இந்த ரிப்போர்ட் ஆன்லைன்ல நம்ம கண்ணுல படறதே பெரிய விஷயம், 2014 நவம்பர்ல ஒபாமா கையெழுத்து போட்ட சட்டத்துக்கு அப்புறம்தான் எல்லா ஸ்டேட்டும் இதை பப்ளிக்கா போட வேண்டியதாச்சு. அதே சட்டம்தான் ஃபெடரல் உதவிப் பணம் வாங்கற லைசன்ஸ்டு இடங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாம கொள்ளாம இன்ஸ்பெக்‌ஷன், ஊழியர்களுக்கு கைரேகை வச்சு எஃப்.பி.ஐ. பேக்ரவுண்ட் செக், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பன்னு கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி சில ஸ்டேட்ல இன்ஸ்பெக்டர் முகத்தைப் பாக்க வருஷக்கணக்கா ஆகும்.

டெக்சஸ்ல ஒவ்வொரு விதிக்கும் அதை மீறினா எவ்வளவு ஆபத்துன்னு ஹையில இருந்து லோ வரைக்கும் வெயிட் போட்டிருப்பாங்க, ரிப்போர்ட்லயே தெரியும். தடுப்பூசி பேப்பர் ஃபைல்ல இல்ல, ஒரு டீச்சரோட ட்ரெயினிங் மணிநேரம் ரெண்டு குறையுது, ப்ளீச் தண்ணி பாட்டில்ல லேபிள் இல்ல, இதெல்லாம் ஒரு பக்கம். குழந்தையை வெளிய மறந்துட்டு உள்ள வந்துட்டாங்க, ரேஷியோ தாண்டிடுச்சு, கைக்குழந்தையைக் குப்புற படுக்க வச்சிருந்தாங்க, டீச்சர் கையை முறுக்கினாங்க, இதெல்லாம் வேற பக்கம். முதல் பக்கத்துல 7 இருந்தா எனக்கு பெருசா கவலை இல்ல. ரெண்டாவது பக்கத்துல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் டைரக்டரை உக்கார வச்சு கேக்கணும். அதை விட முக்கியம் ஒரே தப்பு திரும்ப வருதாங்கறது, மார்ச்ல ரேஷியோ, செப்டம்பர்ல ரேஷியோ, மறுபடி மார்ச்ல ரேஷியோன்னா அது தப்பு இல்ல தம்பி, அவங்க வியாபாரமே அப்படித்தான் ஓடுது.

அந்த தப்பு எப்படி வெளிய வந்துச்சுங்கறதையும் பாருங்க. இன்ஸ்பெக்டர் கண்டுபிடிச்சதா, யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணதா, இல்ல அவங்களே போன் போட்டு சொன்னதா. தானா சொல்ற இடத்தை நான் கொஞ்சம் அதிகமாவே நம்புவேன். பத்து வருஷமா ஒரு வயலேஷனும் இல்லாத பெரிய சென்டரைப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும், 120 குழந்தைங்க இருக்கற இடத்துல அது எப்படின்னு.

என் கதை ஒண்ணு சொல்றேன். நான் டீச்சரா இருந்தப்ப ஒரு பாட்டி பேரனுக்காக தன் கையாலயே பின்னின ஒரு சின்ன போர்வையைக் குடுத்தாங்க, அவங்க மனசு நோகக்கூடாதேன்னு குழந்தை தூங்கறப்ப க்ரிப்ல போட்டேன், அன்னிக்குன்னு பாத்து இன்ஸ்பெக்டர் வந்தார். எழுதிட்டார். என் பேர் இல்ல, ஆனா ரூம் நம்பர் ரிப்போர்ட்ல இருக்கு. எனக்கு வந்த கோவம் இருக்கே, ஒரு போர்வைக்காடான்னு. அப்புறம் ட்ரெயினிங்ல உக்கார வச்சு சொன்னாங்க: குழந்தையை மல்லாக்க படுக்க வைங்கன்னு 1994ல நாடு முழுக்க பிரசாரம் ஆரம்பிச்சு, அடுத்த சில வருஷத்துல தூக்கத்துல காரணமே தெரியாம குழந்தை சாகறது ஏறக்குறைய பாதியா குறைஞ்சுதாம். காலி க்ரிப், கெட்டியான மெத்தை, இழுத்துப் போட்ட ஷீட், வேற ஒண்ணும் கூடாது, தலகாணி, பொம்மை, போர்வை எதுவும். பக்கத்தை இறக்கி ஏத்தற மாதிரி இருந்த பழைய க்ரிப்பையும் 2011ல விக்கவே கூடாதுன்னு நிறுத்தினாங்க, டே கேருங்க 2012 டிசம்பருக்குள்ள எல்லாத்தையும் மாத்த வேண்டியிருந்துச்சு, எங்க சென்டர்ல 16 க்ரிப்பைத் தூக்கிப் போட்டோம், ஓனர் அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. அதனால என் போர்வை மாதிரி கேஸ் உங்க ரிப்போர்ட்ல இருந்தா, அது நடந்தப்ப அந்த ரூம்ல யார் இருந்தாங்க, அப்புறம் என்ன மாத்தினாங்கன்னு மட்டும் கேளுங்க. பதில் சொல்ல அவங்க தடுமாறலன்னா நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நான் எச்4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவை வச்சு மனைவிக்குக் குடுக்கற விசா) இருக்கேன், வொர்க் பெர்மிட் இன்னும் வரல. அபார்ட்மென்ட்ல ரெண்டு ஃபேமிலி அவங்க குழந்தைகளைப் பகல்ல பாத்துக்க முடியுமான்னு கேக்கறாங்க, கேஷா குடுத்துடறேங்கறாங்க. மாமியாரும் ஆறு மாசம் விசிட்டர் விசால வந்திருக்காங்க, ஒத்தாசைக்கு ஆள் இருக்கு. இதுக்கெல்லாம் லைசன்ஸ் எடுக்கணுமாக்கா?
– ஒரு வாசகி, ஊர் சொல்லல

பதில்: தங்கச்சி, இதுல ரெண்டு சட்டம் இருக்கு, நீ ஒண்ணைத்தான் கேட்டிருக்க. லைசன்ஸ் அப்புறம். வொர்க் பெர்மிட் இல்லாம எச்4ல காசு வாங்கிட்டு குழந்தை பாத்துக்கறது வேலைதான், கேஷா குடுத்தா வேலை இல்லன்னு ஆயிடாது. மாமியார் விசிட்டர் விசால வந்திருக்காங்க, அவங்க சொந்தப் பேரனை சும்மா பாத்துக்கறது வேற, அடுத்தவங்க குழந்தையைக் காசுக்குப் பாத்துக்கறது வேற. க்ரீன் கார்டு க்யூல நிக்கற குடும்பம் இதுல போய் மாட்டிக்கக் கூடாது, இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்.

பெர்மிட் வந்துடுச்சுன்னே வச்சுக்குவோம். அப்ப எந்த ஸ்டேட்டுங்கறதைப் பொறுத்துதான் பதில். கலிஃபோர்னியால உன் குழந்தையோட இன்னும் ஒரே ஒரு குடும்பத்துக் குழந்தைங்கன்னா லைசன்ஸ் வேண்டாம், ரெண்டாவது குடும்பம் சேர்ந்தா வேணும், உன் கேஸ் அதுதான். நியூ ஜெர்சில வீட்டுல அஞ்சு குழந்தை வரைக்கும் ரிஜிஸ்டர் பண்றது உன் விருப்பம், ஆறாவது வந்தா சென்டர் லைசன்ஸ் கேப்பாங்க. டெக்சஸ்ல காசு வாங்கிட்டு ரெகுலரா பாத்தா சொந்தம் இல்லாத குழந்தை மூணுக்குள்ள இருந்தாலும் லிஸ்டிங் பண்ணணும், அதாவது ஸ்டேட்கிட்ட பேரைப் பதியணும். பாரு, ஒரே வேலை, மூணு ஊர்ல மூணு விதி.

ரிஜிஸ்டர் பண்ணா உன் கைரேகை மட்டும் இல்ல, பொதுவா வீட்டுல தங்கியிருக்கற 18 வயசு தாண்டின எல்லாருக்கும் பேக்ரவுண்ட் செக் வரும், வீட்டுக்காரருக்கும்தான். அதைக் கேட்டே பாதி பேர் பின்வாங்கிடறாங்க, எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. நல்லதும் இருக்கு, முறையா பதிவு பண்ண வீட்டு டே கேர், குழந்தைங்களுக்குப் போடற சாப்பாட்டுக்கு ஃபெடரல் கவர்மென்ட்கிட்ட காசு திரும்ப வாங்கலாம், அதுக்குன்னு தனியா ஒரு ஃபுட் ப்ரோக்ராம் இருக்கு. நம்ம ஆளுங்கள்ல அது தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி.

கேள்வி: இந்த டே கேர் விலை வீட்டு வாடகையைத் தாண்டுது. எல்லாத்துக்கும் காரணம் இந்த கவர்மென்ட் ரூல்ஸ்தான். ரேஷியோவை எடுத்துட்டா தானா விலை குறையும், பெத்தவங்களே பாத்து முடிவு பண்ணிக்க மாட்டாங்களா? நீங்க எல்லாம் ரூல் ரூல்னு பேசியே ஏத்தி விட்டுட்டீங்க.
– கோபமான வாசகர்

பதில்: கோவத்துல ஒரு பாதி நியாயம் இருக்கு சார், அதை முதல்ல சொல்லிடறேன். 2011ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூங்கற பொருளாதார ஆய்விதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்டேட் விதியை இறுக்கினா என்ன ஆகுதுன்னு. வசதியான ஏரியால தரம் ஏறுச்சு, வசதி கம்மியான ஏரியால சென்டர் எண்ணிக்கையே குறைஞ்சுது. அதாவது விதியோட பலன் ஒரு பக்கம், அதோட பில் இன்னொரு பக்கம். சென்டர் மூடின ஏரியால அந்த அம்மா வேலைய விட்டாளா, இல்ல லைசன்ஸே இல்லாத யார்கிட்டயோ விட்டுட்டுப் போனாளா, அது எந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்லயும் வராது.

ஆனா "ரேஷியோவை எடுத்துட்டா விலை குறையும்"ங்கறதை நான் நம்பல. கைக்குழந்தை ரூம் கணக்கு ரொம்ப சிம்பிள், நாலு குழந்தை ஃபீஸ்ல ஒரு டீச்சர் சம்பளம், வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு, டைரக்டர் சம்பளம் எல்லாம் வரணும். அந்த டீச்சர் சம்பளம் என்னன்னு நினைக்கறீங்க? 2023ல அமெரிக்கா முழுக்க டே கேர் ஊழியரோட நடு சம்பளம் (பாதி பேருக்கு இதை விட கம்மி, பாதி பேருக்கு கூட) மணிக்கு 14.60 டாலர். கிடங்குல பெட்டி அடுக்கப் போனா அதை விட கூட குடுக்கறான், என்கூட இருந்தவங்கள்ல நாலு பேர் அப்படித்தான் போனாங்க. ரேஷியோவை 4ல இருந்து 6ஆ ஆக்குங்க, அதே சம்பளத்துக்கு ரெண்டு குழந்தை கூடுதல், அந்த பொண்ணு மூணே மாசத்துல ஓடிடுவா. கைக்குழந்தைக்கு ஆள் மாறுறதை விடக் கெட்டது ஒண்ணு இல்ல.

பெத்தவங்களே பாத்துப்பாங்கன்னு சொல்றீங்க. ஹோட்டல் சாப்பாடு சரியில்லன்னா வயிறு அன்னிக்கே சொல்லிடும், பத்து மாசக் குழந்தை வீட்டுக்கு வந்து என்ன சொல்லும் சார்? நமக்குத் தெரிஞ்சது எல்லாம் சாயங்காலம் ஆப்ல வர்ற ரெண்டு ஃபோட்டோ, "இன்னிக்கு நல்லா விளையாடினான்" அவ்வளவுதான். மதத்தை வச்சு விலக்கு குடுத்து லைசன்ஸ் இல்லாம நடத்த விட்ட ஸ்டேட்டும் உண்டு, அலபாமா 2018ல அதை இறுக்கினதே சர்ச் நடத்தற டே கேர்கள்ல நடந்த கெட்ட சம்பவங்களுக்கு அப்புறம்தான்.

இதே நாட்டுல வேற வழியும் ஓடிக்கிட்டு இருக்கு, ராணுவத்துல. அங்க டே கேர் ரொம்ப மோசமா கிடந்துச்சு, 1989ல மிலிட்டரி சைல்ட் கேர் ஆக்ட் வந்துச்சு, வருஷத்துக்கு நாலு தடவை சொல்லாம வர்ற இன்ஸ்பெக்‌ஷன், டீச்சர் ட்ரெயினிங் எடுக்க எடுக்க சம்பளம் ஏறும், ஃபீஸ் குடும்ப வருமானத்தைப் பொறுத்து, மிச்ச செலவை அரசாங்கம் ஏத்துக்கும். விதியையும் இறுக்கினாங்க, காசையும் போட்டாங்க. வெளிய இருக்கற நமக்கு விதி மட்டும் வருது, காசு வரல. உங்க கோவத்தை அந்தப் பக்கம் திருப்புங்க, நானும் கூட வரேன்.

கேள்வி: நாளைக்கு ரெண்டு இடத்துல டூர். ஒண்ணு டெக்சஸ் ரைசிங் ஸ்டார்ல (ஸ்டேட் டே கேருக்குப் போடற தர மதிப்பீடு) 4 ஸ்டார், இன்னொண்ணுக்கு ஸ்டாரே இல்ல. 4 ஸ்டாருக்கே போயிடலாமா? லிஸ்ட் போட்டு 32 கேள்வி வச்சிருக்கேன், போதுமா?
– பதட்டத்துல ஒரு அம்மா, ஆஸ்டின்

பதில்: 32ஆ! அந்த டைரக்டர் பாவம்மா. ஸ்டார் இருக்கறது நல்லதுதான், லைசன்ஸை விட மேல என்ன செய்றாங்கன்னு யாரோ வந்து பாத்திருக்காங்கன்னு அர்த்தம். 1998ல ஒக்லஹோமாதான் இந்த ஸ்டார் முறையை முதல்ல ஆரம்பிச்சுது, நார்த் கரோலினால லைசன்ஸ்லயே 1 முதல் 5 ஸ்டார் போட்டு சுவத்துல மாட்டியிருப்பாங்க. ஆனா டெக்சஸ்ல அது அரசு உதவில வர்ற குழந்தைகளைச் சேர்த்துக்கற சென்டருக்கான ஏற்பாடு, அந்த உதவியே வாங்காத சென்டருக்கு ஸ்டார் இருக்காது, அதனால ஸ்டார் இல்லன்னா மட்டம்னு எடுத்துக்காதீங்க. என்.ஏ.ஈ.ஒய்.சி.னு சின்னக் குழந்தைங்க கல்விக்கான ஒரு தேசிய சங்கம் தர்ற அக்ரெடிடேஷன் (தரச் சான்று) 1985ல இருந்து இருக்கு, அது இருக்கான்னு கேளுங்க.

32ஐயும் வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. குழந்தை போகப்போற ரூம் வாசல்ல நின்னு அங்க இருக்கற டீச்சர்கிட்டயே, டைரக்டர்கிட்ட இல்ல, "இந்த ரூம்ல நீங்க எத்தனை நாளா இருக்கீங்க, காலைல கதவு திறக்கறது யாரு, சாயங்காலம் பூட்டறது யாரு"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பின்னாடி அழற குழந்தைகிட்ட யார் போறாங்கன்னு பாருங்க. அப்புறம் ரெண்டாவது இடத்துக்குக் கிளம்புங்க, ட்ராஃபிக் ஆயிடும்.